27 வாங்குவதா, 30 வாங்குவதா: கைப் பம்பின் புனல் அளவு பற்றி

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். குழந்தைக்கு இரண்டரை மாதம். அடுத்த மாதம் வேலந்தாவளம் தாண்டி, கோயம்புத்தூர்ப் பக்கம் இருக்கும் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலைக்குத் திரும்ப வேண்டும். அதற்காகக் கையால் அழுத்தும் பால் பம்ப் ஒன்று வாங்கினீர்கள். அதோடு வந்த, மார்பில் வைத்துப் பிடிக்கும் புனல் 24 மி.மீ. பத்து நிமிடம் அழுத்தினாலும் ஒரு பக்கத்தில் 20 மில்லிக்கு மேல் வரவில்லை; காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் சேர்ந்து உள்ளே போய், எடுக்கும்போது வீங்கி வலிக்கிறது. கூட வேலை செய்யும் டீச்சர், “உனக்குப் பெரிய மார்பு, பெரிய புனல்தான் சரிப்படும்” என்றாராம். மருந்துக்கடைக்காரர் எல்லோருக்கும் ஒரே சைஸ்தான் என்றாராம். 27 வாங்குவதா, 30 வாங்குவதா என்று கேட்கிறீர்கள். பால் குறைந்துகொண்டு வருகிறதோ என்ற பயமும் கடைசி வரியில் எட்டிப் பார்க்கிறது. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

நான் உங்கள் பக்கத்துச் சித்தூர் தாலுகாவில் பல வருடம் பிரசவ வார்டில் செவிலியராக இருந்தவள். பாலூட்டும் தாய்மாருக்கு ஆலோசனை சொல்வது என் வேலையில் பாதி. டாக்டர் இல்லை. உங்களை நேரில் பார்க்கவும் இல்லை. அதனால் கீழே எழுதுவதில் எது உறுதி, எது கைப்பழக்கத்தில் வந்த ஊகம் என்று அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

முதலில் உறுதியானது. புனலின் அளவுக்கும் மார்பின் பருமனுக்கும் சம்பந்தம் கிடையாது. பெட்டியில் ஃபிளாஞ்ச் என்றோ பிரெஸ்ட் ஷீல்டு என்றோ போட்டு, பக்கத்தில் 24 என்று அச்சடித்திருப்பது விரிந்த வாயின் அகலத்தை அல்ல. அந்த வாய் குறுகிப் போய்ச் சேரும் குழாயின் உள்விட்டத்தை. அந்தக் குழாய்க்குள் போய்வர வேண்டியது காம்பு மட்டும்தான். ஆகவே பார்க்க வேண்டியது காம்பின் அகலம். மிகப் பெரிய மார்பும் 14 மி.மீ. காம்பும் உள்ளவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒல்லியான உடம்பில் 22 மி.மீ. காம்பும் பார்த்திருக்கிறேன். உங்கள் டீச்சர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டு 30 வாங்கினால் வலி கூடும், பால் குறையும் என்றுதான் எனக்குப் படுகிறது.

27 மி.மீ. என்றால் எத்தனை அகலம் என்று கையில் எடுத்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. நம் பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் சரியாக 27 மி.மீ. அது முழுசாக நுழைந்து போகிற ஓட்டைதான் 27 நம்பர் புனல். 2019-க்குப் பிறகு வந்த வரிசையில் ஐந்து ரூபாய் 25, இரண்டு ரூபாய் 23, ஒரு ரூபாய் 20 மி.மீ. பழைய நாணயங்களின் அளவு வேறு, அவற்றை எடுக்காதீர்கள். இந்தப் புது ஒரு ரூபாயைக் காம்பின் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். பெரும்பாலான பெண்களுக்கு நாணயம்தான் பெரியதாக இருக்கும். உங்களுக்கும் அப்படியென்றால், இப்போது கையில் இருக்கும் 24-ஏ பெரியது. 30 என்ற பேச்சுக்கே இடமில்லை.

நாணயம் ஒரு மதிப்பீட்டுக்குத்தான். சரியாக அளக்கச் சொல்கிறேன். பால் கொடுத்தவுடனும் பம்ப் செய்தவுடனும் அளக்கக் கூடாது. அப்போது காம்பு வீங்கி நீண்டிருக்கும். இரண்டு பாலூட்டலுக்கு நடுவில், குளித்த குளிர் இல்லாத நேரமாகப் பார்த்து உட்காருங்கள். காம்பு உள்ளடங்கியிருந்தால் விரலால் லேசாகத் தொட்டு எழுப்பிக்கொள்ளலாம். பிள்ளைகள் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து, காம்பு மார்பிலிருந்து கிளம்பும் அடிப்பக்கத்தில் குறுக்கே வைத்து, மில்லிமீட்டரில் படியுங்கள். கருவட்டத்தைச் சேர்க்கக் கூடாது. நுனியையும் அளக்கக் கூடாது. பலருக்கு அடியும் நுனியும் ஒரே அகலமாக இருக்காது. கண்ணாடி முன்னால் நின்றால் சுலபம், அல்லது வீட்டுக்காரரையோ அக்காவையோ படிக்கச் சொல்லலாம். ஸ்கேல் சரிப்படவில்லை என்றால் தையல் நூலை எடுத்து, காம்பின் அடியில் இறுக்காமல் ஒரு சுற்றுச் சுற்றி, நூல் சந்திக்கும் இடத்தில் மையால் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நீளத்தை மி.மீ.யில் அளந்து 3.14-ஆல் வகுத்தால் விட்டம் வந்துவிடும். நூல் 50 மி.மீ. இருந்தால் காம்பு 16. 60 இருந்தால் 19. கணக்கு டீச்சருக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக அளங்கள். இடது 15, வலது 18 என்று இருப்பது குறையே இல்லை. சிலருக்கு இரண்டு புனல் வேண்டியிருக்கும். பிரசவமான முதல் வாரத்தில் அளந்த அளவை இப்போது நம்ப வேண்டாம்; டிரிப்ஸ் ஏறிய உடம்பில் நீர் கோத்து, காம்பும் கருவட்டமும் உப்பியிருக்கும். இரண்டரை மாதத்தில் அது வடிந்திருக்கும். பின்னாலும் கொஞ்சம் மாறலாம். புதிதாக வலி தொடங்கினால் மறுபடி அளப்பது நல்லது.

அளந்த எண்ணோடு எத்தனை கூட்ட வேண்டும் என்பதில்தான் கருத்து வேற்றுமை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், காம்பு அகலத்தோடு 4 மி.மீ. வரை கூட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது இந்தத் துறையில் இருப்பவர்களில் பலர் காம்பின் அளவிலேயே, அல்லது 1, 2, மிஞ்சிப்போனால் 3 மட்டும் கூட்டிப் பாருங்கள் என்கிறார்கள். சின்னப் புனலில் பால் கூடுதலாகவும் வலி குறைவாகவும் இருந்ததாக அண்மையில் ஆய்வும் வந்திருக்கிறது. ஆனால் இந்த விஷயத்தில் நடந்த ஆய்வுகள் எல்லாமே சிறியவை, அதிலும் மின்சாரப் பம்பை வைத்துச் செய்தவைதான் அதிகம். கைப் பம்புக்கு அப்படியே பொருந்தும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். என் அனுபவம் புதிய கருத்தின் பக்கம்தான் சாய்கிறது. உங்கள் கேள்விக்கு இந்தத் தகராறு தீர வேண்டிய அவசியமும் இல்லை. காம்பு 16 என்று வைத்துக்கொள்வோம். பழைய கணக்குப்படி 20, புதிய கணக்குப்படி 16 முதல் 19. எந்தக் கணக்கிலும் 27 வரவில்லை.

அப்படியானால் காம்பு புனலை அடைத்துக்கொண்டு இருப்பதுபோல் ஏன் தெரிகிறது என்று கேட்பீர்கள். பெண்கள் தவறான பக்கம் போய் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். குழாய் அகலமாக இருந்தால் காம்பைச் சுற்றி வெற்றிடம் மிச்சமாகிறது. கைப்பிடியை அழுத்தும்போது உள்ளே உண்டாகும் உறிஞ்சல் அந்த இடத்தை நிரப்பப் பார்க்கும். கிடைப்பது கருவட்டத்தின் மெல்லிய தோல். அது உள்ளே வழுக்கிக்கொண்டு போகும். பத்து நிமிடம் இப்படி இழுபட்ட தோலில் நீர் கோத்து வீங்கும். வீங்கிய சதை குழாய்ச் சுவரில் முட்டும், உரசும். அதன் அடியிலேதான் பால் வரும் நுண்குழாய்கள் போகின்றன. வீக்கம் அவற்றை அமுக்கினால் பால் வேகம் குறையும். தாய் குனிந்து பார்க்கிறாள்: புனலில் இடமே இல்லை, முழுக்க அடைத்திருக்கிறது, பாலும் வரவில்லை. புனல் சிறிசு என்று நினைத்துப் பெரியது வாங்குகிறாள். அதில் இன்னும் அதிகச் சதை உள்ளே போகிறது. கடைசியில் 36 வரைக்கும் போய், “எனக்குப் பம்பே ஒத்துக்கொள்ளாது” என்று பரணில் போட்டுவிட்டவர்கள் உண்டு. அவர்களில் சிலருக்கு 17-ஐப் பொருத்தியதும் முகம் மாறியதைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் புனலைப் பார்க்கும்போது தொடக்கத்தையும் முடிவையும் பாருங்கள். முதல் நாலைந்து அழுத்தலில், வீக்கம் வருவதற்கு முன்னால், காம்பைச் சுற்றி எத்தனை இடைவெளி இருக்கிறது, கருவட்டம் எத்தனை உள்ளே வருகிறது என்பதுதான் நம்பத்தக்க சாட்சி. சரியான அளவில் காம்பு குழாய்க்குள் முன்னும் பின்னும் தாராளமாகப் போய்வரும். கருவட்டம் கொஞ்சமாக வரலாம், அல்லது வரவே வராது. கூர்மையான வலி இருக்காது. முடித்துத் தொட்டுப் பார்த்தால் மார்பு எல்லாப் பக்கமும் இளகியிருக்கும். பெரிதாக இருந்தால் கருவட்டம் கும்பலாக உள்ளே போகும், எடுத்தபின் உப்பிய வளையம் தெரியும், ஓரத்தில் காற்று கசிந்து பிடிப்பு விட்டுப்போகும், ஒரு பக்கத்தில் மட்டும் பால் தேங்கிக் கட்டியாக நிற்கும். சிறிதாக இருந்தால் காம்பு சுவரோடு ஒட்டி அசையாமல் நிற்கும், அடியில் இறுக்கிக் கட்டியதுபோல் கோடு விழும், பக்கவாட்டில் தோல் உரியும், காம்பு வெளுத்தோ நீலம் பாரித்தோ போகும்.

நீங்கள் எழுதியிருப்பது பெரிய புனலின் அடையாளங்களோடுதான் ஒத்துப்போகிறது. ஆனால் நுனி வெளுத்துப்போகிறது என்றும் ஒரு வார்த்தை சேர்த்திருக்கிறீர்கள். அதற்கு அளவு காரணமாக இருக்கலாம், கைப்பிடியை முழுக்க அழுத்திப் பிடிப்பதும் காரணமாக இருக்கலாம். பம்ப் எடுத்து நெடுநேரம் ஆன பிறகும், குளிர் காற்றுப் பட்டாலும் வெளுத்துச் சுரீரென்று வலித்தால் அது காம்பின் இரத்தக் குழாய் சுருங்குகிற வேறு தொல்லை. புனல் மாற்றியும் போகவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கைப் பம்பில் புனலைக் குற்றம் சொல்லுமுன் இரண்டு விஷயத்தைச் சோதிக்க வேண்டும். மின்சாரப் பம்ப் வைத்திருப்பவர்கள் எழுதும் ஆலோசனைகளில் இது அடிபட்டுப் போய்விடுகிறது.

ஒன்று வால்வு. பாட்டிலுக்கு மேலே, வாத்தின் அலகு மாதிரி ஒரு வெள்ளை ரப்பர்த் துண்டு இருக்கும். கைப்பிடிக்குக் கீழே குடை மாதிரி ஒரு சிலிகான் தகடும் இருக்கும். அலகின் பிளவு லேசாகத் திறந்தே இருந்தாலும், விரலை விட்டுக் கழுவியதில் கிழிந்திருந்தாலும், தகட்டின் விளிம்பு சரியாக உட்காராமல் இருந்தாலும் உறிஞ்சல் பாதியாகிவிடும். நம் கிழக்குப் பக்கத்து உப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்தால் வெள்ளையாகப் படியும், அதுவும் வால்வை மூடவிடாது.  சோதனை எளிது: பம்பைச் சேர்த்து, புனலை உள்ளங்கையில் அழுத்தி வைத்து, கைப்பிடியை ஒரு தடவை அழுத்திப் பிடியுங்கள். தோல் பிடித்து இழுபட்டு, நீங்கள் விடும் வரைக்கும் அப்படியே நிற்க வேண்டும். நிற்காமல் நழுவினால் முதலில் வால்வை மாற்றுங்கள். புனலைவிட அது மலிவு. தினம் பல முறை பம்ப் செய்கிறவர்களுக்கு வால்வு சில மாதத்தில் தளர்ந்துதான் போகும்.

இன்னொன்று உங்கள் கை. மின்சாரப் பம்பில் உறிஞ்சலைத் திருகி வைப்பதுபோல் கைப் பம்பில் நீங்கள் அழுத்தும் தூரம்தான் உறிஞ்சல். கைப்பிடியை அடிவரை அழுத்தினால் முழு வேகம். அவ்வளவு வேகம் தேவையில்லை, வேகம் கூடினால் பால் கூடும் என்பதும் இல்லை. வலித்தால் உடம்பு இறுகி, பால் இறங்குவதே தடைப்படும். தொடங்கும்போது குழந்தை முதலில் சப்புவதுபோல் சின்னச் சின்னதாக, விரைவாக, கால்வாசி அழுத்தம் கொடுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் மார்பில் குறுகுறுப்பு வந்து சொட்டு ஒழுக்காக மாறும். சிலருக்கு அந்தக் குறுகுறுப்பே தெரியாது, ஒழுக்கைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். அதன் பிறகு மெதுவாக, நீளமாக, பாதி அழுத்தி ஒரு நொடி பிடித்து விடுங்கள். ஒழுக்கு நின்றால் மறுபடி விரைவுக்குப் போகலாம். வலி தொடங்கும் இடத்துக்கு ஒரு படி கீழேதான் உங்கள் அளவு. முதுகு சாய்க்காமல் கொஞ்சம் முன்னால் வளைந்து உட்காருங்கள். புனலின் நடுவில் காம்பு இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள். ஒரு பக்கமாக வைத்தால் சரியான அளவும் தவறான அளவாகத்தான் நடந்துகொள்ளும்.

உரசலுக்கு, புனலின் உள்விளிம்பில் ஒரே ஒரு துளி எண்ணெய் தடவலாம். நம் ஊரில் பச்சைப் பிள்ளைக்குத் தேய்க்க வீட்டில் காய்ச்சும் உருக்கு வெளிச்செண்ணெய் என்ற தேங்காயெண்ணெய் இருந்தால் போதும், தனியாகக் களிம்பு வாங்க வேண்டாம். பிறகு சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிடுங்கள், பிசுக்கு தங்கினால் சிலிகான் வழவழத்துப் பிடிப்பு விடும். எண்ணெய் போட்டதும் வலி போய்விட்டால் அளவு சரி என்று முடிவு கட்டாதீர்கள். அது உரசலை மட்டும்தான் குறைக்கும்.

இனி வாங்கும் விஷயம். முதலில் உங்கள் பம்பில் புனல் தனியாகக் கழலுமா என்று பாருங்கள். கைப் பம்பில் பல வகைகளில் புனலும் உடலும் ஒரே வார்ப்பு. அதற்கு வேறு புனல் கிடையாது. கழலும் வகை என்றால் அந்தக் கம்பெனியின் அளவுகளைத் தேடுங்கள். மெடேலாவில் 21, 24, 27, 30 என்று தனித்தனியாக விற்கிறார்கள். ஒரு கம்பெனிப் புனல் இன்னொரு கம்பெனிப் பம்பில் உட்காரும் என்று எண்ணி வாங்காதீர்கள். “எல்லா அளவுக்கும் ஒத்துப்போகும்” என்று மெத்தென்ற சிலிகான் வாய் வைத்து வரும் பம்புகளில், அந்த மெத்தை பெரிய காம்புக்கு விரிந்து கொடுக்கும்; சின்னக் காம்புக்கு அந்த அளவு குறுகிக் கொடுக்காது.

உங்களுக்கு 21-க்கும் கீழே வேண்டியிருக்கும் என்பதுதான் என் ஊகம். அப்படியென்றால் சுலபமான வழி சிலிகான் இன்சர்ட். 24 புனலின் குழாய்க்குள் செருகும் ஒரு வளையம் அது. 13, 15, 17, 19, 21 என்ற உள்ளளவுகளில் வருகிறது. ஆன்லைனில் இரண்டு மூன்று அளவு சேர்த்து ஒரே கட்டாகவே கிடைக்கும். விலையும் முழுப் புனலைவிடக் குறைவு. தேடிப் பார்க்க நல்லது, ஆனால் குறைகள் உண்டு. இன்சர்ட்டின் வெளிப்பக்கம் குழாயோடு இறுக்கமாக உட்காரவில்லை என்றால் இடுக்கில் பாலும் காற்றும் போகும். இன்சர்ட் குட்டையாக இருந்து காம்பு நீளமாக இழுபட்டால், நுனி இன்சர்ட்டைத் தாண்டி அகலக் குழாய்க்குள் போய் அங்கே வீங்கும். பிறகு விளிம்பில் வெட்டுவதுபோல் வலிக்கும். அப்படி நடந்தால் அந்த இன்சர்ட் உங்களுக்கு ஆகாது, அந்த அளவில் முழுப் புனலே வேண்டும். இழுத்தால் ரப்பர்போல் நீண்டு குழாயின் கடைசி வரை போய் முட்டும் காம்பு சிலருக்கு உண்டு. அவர்களுக்கு அளவுகோல் சொல்லும் எண் பெரும்பாலும் கைகொடுக்காது. சின்ன அளவும் குறைந்த அழுத்தமும் வைத்துப் பார்க்கலாம், ஆனால் யாராவது பழகியவர் நேரில் பார்த்தால்தான் சரியாகும். எழுத்தில் நான் அதற்கு மேல் போக முடியாது.

இரண்டு மூன்று அளவு கையில் வந்ததும் ஒரே நாளில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டாம். முதலில் இழுத்ததில் வந்த வீக்கம் அடுத்த அளவைப் பொய்யாக்கும். ஒரே நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் பெரும்பாலானவர்களுக்குப் பால் கூடுதலாக இருக்கும், விடியற்காலைப் பாலூட்டல் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து வைத்துக்கொள்ளலாம். ஒரே பக்கம், ஒரே நிமிடக் கணக்கு. ஒரு அளவை இரண்டு மூன்று நாள் பார்த்து, எத்தனை மில்லி, எத்தனை வலி, மார்பு இளகியதா என்று நோட்டில் எழுதிவையுங்கள். மில்லியை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. பத்து மில்லி கூட வந்து காம்பு புண்ணாகும் அளவைவிட, வலியே இல்லாத அளவுதான் ஜூன் மாதம் முழுக்க ஸ்டாஃப் ரூமில் உங்களோடு வரும். இரண்டு அளவு சமமாகத் தோன்றினால் நான் சிறியதைத்தான் எடுக்கச் சொல்வேன், உரசல் இல்லாத வரைக்கும்.

இப்போது அந்த 20 மில்லி. குழந்தை நேராகக் குடித்துக்கொண்டிருக்கும்போது, நடுவில் எடுத்துப் பார்க்கும் பால் மிச்சப் பால்தான். இரண்டு பக்கமும் சேர்த்து 15 முதல் 60 மில்லி வரை வருவது இந்த நிலையில் சாதாரணம். உங்களுக்கு ஒரு பக்கத்திலேயே, வலிக்கிற புனலை வைத்து 20 வருகிறது. இதைப் பார்த்துப் பால் வற்றுகிறது என்று மாமியாரிடமோ டப்பாப் பாலிடமோ போக வேண்டாம். பம்ப் எடுக்கும் பாலை வைத்துச் சுரப்பை அளக்க முடியாது, குழந்தைதான் அளவுகோல். நாளுக்கு ஆறு முறைக்கு மேல் நன்றாகச் சிறுநீர் போகிறதா, முதல் மூன்று மாதத்தில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் கணக்கில் எடை ஏறுகிறதா என்று பாருங்கள். பக்கத்து ஆஷா ஊழியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ எடை பார்த்துக் கார்டில் எழுதித் தருவார்கள். எடை ஏறவில்லை என்றால் புனலை விட்டுவிட்டு, உடனே குழந்தையைக் காட்டுங்கள்.

நீங்கள் பள்ளிக்குப் போய்விட்ட நேரத்துக்கு எத்தனை சேமிக்க வேண்டும் என்று கேட்கவில்லை, ஆனால் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். வெளியே இருக்கும் ஒரு மணி நேரத்துக்கு 30 முதல் 45 மில்லி என்று கணக்குப் போடுங்கள். பஸ் நேரத்தையும் சேர்த்து எட்டு மணி நேரம் என்றால் 240 முதல் 360 மில்லி. வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, குழந்தை குடிக்காத நேரத்தில் எடுப்பதால் ஒரு தடவைக்கு வரும் அளவும் கூடும். எடுத்த பாலை 25 டிகிரி வரைக்கும் உள்ள அறையில் நாலு மணி நேரம் வைக்கலாம். பாலக்காட்டுக் கணவாயில் பங்குனி, சித்திரையில் எந்த ஸ்டாஃப் ரூமும் 25 டிகிரியில் இருக்காது, அதனால் அந்தக் கணக்கை மறந்துவிட்டு உறைந்த ஐஸ் பேக் வைத்த பையில் வையுங்கள். அதில் 24 மணி நேரம் வரை தாங்கும். வீட்டு ஃபிரிட்ஜில் கதவுப் பக்கம் இல்லாமல் உள்ளே தள்ளி வைத்தால் நாலு நாள். வீட்டில் கொடுப்பவர் பாட்டிலைத் தேட வேண்டாம், மூக்கு வைத்த சின்னக் கிண்ணமான பாலாடையே போதும்.

பம்பை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம். கையால் பீய்ச்சக் கற்றுக்கொண்டால் வால்வு கிழிந்த நாளிலும் சமாளிக்கலாம். காம்பிலிருந்து இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர் தள்ளி, கட்டைவிரல் மேலேயும் மற்ற விரல்கள் கீழேயும் வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கம் பின்னோக்கி அழுத்தி, பிறகு விரல்களை ஒன்றோடொன்று சேர்த்து அமுக்கி விடுங்கள். தோலின் மேல் விரலை வழுக்கி இழுக்கக் கூடாது, காம்பைப் பிதுக்கக் கூடாது. பம்ப் முடித்த பிறகு இரண்டு நிமிடம் இப்படிச் செய்தால் இன்னும் கொஞ்சம் வருவதைப் பார்ப்பீர்கள். எங்கள் வார்டில் முதல் நாள் சீம்பாலை இப்படித்தான் எடுக்கச் சொல்வோம். அந்தக் கெட்டியான சில துளி பம்பில் ஒட்டிக்கொண்டே போய்விடும். தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் 2015 முதல் தாய்மார் பாலூட்டும் அறைகள் இருக்கின்றன. பள்ளியில் இடம் கிடைக்காத நாளில், போகிற வழியில் பஸ் மாறும் நிலையத்தில் அப்படியொரு அறை திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மார்பில் ஓரிடம் சிவந்து, சூடாகி, கட்டியாக நின்று, கூடவே காய்ச்சலும் குளிரும் வந்தால் அளவு சோதனையை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. காம்பில் வெடிப்பு இரண்டு மூன்று நாளில் ஆறாவிட்டாலும், குழந்தையின் வாயில் வெள்ளைப் படலம் தெரிந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்சர்ட்டோ புனலோ வாங்கும்போது ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். உடம்பில் படும் பொருள் என்பதால் உறை பிரித்தால் பல கடைகளில் திருப்பி எடுக்க மாட்டார்கள். அதனால் முதலில் அளந்து, உங்கள் எண்ணுக்கு அருகில் இருக்கும் இரண்டு அளவு மட்டும் வாங்குங்கள். இரண்டு பக்கத்து எண்ணையும், பம்பில் புனல் கழலுமா என்பதையும் இங்கே எழுதினால், எந்த இரண்டு என்று சொல்கிறேன். அதுவரைக்கும் அந்த 24-ஐயே பாதி அழுத்தத்தில், உள்ளங்கைச் சோதனை செய்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம். 27-க்கும் 30-க்கும் காசு போட வேண்டாம்.